ஆஸ்மண்ட் கூரை

வெல்கேட், செயின்ட் ஜான்,
பார்படோஸ்.
ஜனவரி 9, 2011

அன்புள்ள தம்பி ஆஸ்மண்டுக்கு,

அக்கா எர்மின் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது இப்போது தனிக்குடித்தனம் நடத்துகிறது. நான் சொல்வது எதையும் கேட்பதில்லை. நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை வந்து சேர்ந்தது. பனி, மணி, குருவி எல்லாம் அதில் இருந்தன. உன்னைப் பற்றி மட்டும் "நலம்" என்ற ஒரே சொல். இத்தனை வருஷம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, மையைக்கூட இப்படிச் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டுமா?

மார்வா ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். என் மகளுக்கு மறுபடியும் வீடு தேடும் வேலை. பிரிட்ஜ்டவுனில் அவள் வாடகைக்கு இருக்கும் ஃப்ளாட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாரக் கணக்கில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு விட்டால் அதிகம் கிடைக்குமாம். வங்கியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வீட்டுக் கடன் எழுதித் தருகிறவள். தனக்கு ஒரு கதவு அகப்படவில்லை. இங்கே வந்து என்னோடு இரு என்றால், பஸ் சரியில்லை என்கிறாள். பஸ் சரியில்லைதான். ஆனால் அம்மாவோடு இருப்பதை விட அது ஒன்றும் மோசமில்லை என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள், வரவில்லை.

உன் பழைய கூட்டாளி ஹார்கோர்ட், தன் சித்தி அடக்கத்துக்காக உங்கள் ரெடிங்கிலிருந்து வந்திருந்தான். வீட்டுக்கும் வந்தான். மக்காச்சோளக் களியும் கோலா மீனும் செய்து போட்டேன். இரண்டாம் தடவை களி வைக்கும்போது, ஆஸ்மண்ட் எப்படியிருக்கிறான், தோட்டத்து ரோஜாச் செடிகள் எப்படி என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"உனக்குத் தெரியாதா எர்மின்? அவன் அந்த வீட்ட வித்து எவ்வளவோ நாளாச்சே. பொஞ்சாதி கிளென்டா போய்ச் சேந்தப்புறம், பையன் வீடு வாங்க முன்பணம் வேணும்னு வந்து நின்னான். இவனும் வித்துக் குடுத்துட்டான். பையனால தவணை கட்ட முடியல. அந்த வீடும் பேங்குக்குப் போச்சு. இப்ப அப்பனும் வாடகை, மகனும் வாடகை" என்றான். பிறகு, நான் கேட்காமலேயே இதையும் சொன்னான்: "ஒரு சின்னப் பயல் வீட்டு மாடியில ஒத்த ரூம்பு. மீன் பொரிக்கக் கூடாதாம். வாடை அடிக்குதாம்."

ஹார்கோர்ட் மேல் கோபப்படாதே. நான்தான் அவன் வாயைப் பிடுங்கினேன். ஆனால் உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. மீனைப் பற்றியாவது எனக்கு எழுதியிருக்கலாம்.

அவன் போன பிறகு, நீ சாவியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் அந்தப் படத்தை எடுத்துத் துடைத்தேன். அந்தக் காலத்தில் கறுப்பனுக்கு அறை கிடையாது என்று ஜன்னலில் அட்டை தொங்கவிட்டார்களே, அதைப் பார்த்துத்தானே நீங்கள் பையன்களெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சீட்டு மாதிரி முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராக வீடு வாங்கினீர்கள். உனக்குப் பனிக்கோட்டு ஒன்று வாங்கக்கூட மனம் வரவில்லை என்று அப்போது எழுதியிருந்தாய். அம்மா அந்தப் படத்தை ராணி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நீ மேலறையை ஒரு அயர்லாந்துக்காரனுக்கு விட்டாய் என்று தெரிந்ததும், ரொட்டி விற்க வருகிறவனைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "எம் பையன் வெள்ளக்காரனுக்கே வாடகைக்கு விடறான், தெரியுமா?" அன்றைக்கு அவள் நடந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வந்துவிடு. ஒரு கூரைக்கு ஓர் அறை என்று ஒட்டி ஒட்டிச் சேர்த்த நம் பலகை வீட்டில், அப்பாவின் முன்கூரையில் நான் படுக்கிறேன். பின்னால் அடுக்களைச் சாய்ப்பு. நடுவில் உள்ள கூரை சும்மாதான் கிடக்கிறது. நீ இங்கிலாந்து போன புதிதில் அனுப்பிய பணத்தில் எழுப்பியது. இன்றைக்கும் நாங்கள் அதை ஆஸ்மண்ட் கூரை என்றுதான் சொல்கிறோம். தையல் மிஷினை நகர்த்தினால் கட்டில் போட இடம் வந்துவிடும். இங்கே எந்த நேரமும் மீன் பொரிக்கலாம்.

உன் நலம் வேண்டும்,
அக்கா எர்மின்


வெல்கேட்,
பிப்ரவரி 20, 2011

தம்பி ஆஸ்மண்டுக்கு,

"அன்புள்ள" என்று மேலே போடாதது மறதியால் அல்ல. உன் கடிதத்தைப் படித்து மூன்றாம் நாள்தான் பேனாவைத் தொடுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் தபாலில் அனுப்ப முடியாத சொற்கள் வந்திருக்கும்.

அக்கா வீட்டில் ஒண்டிக்கொள்ள வந்தான் என்று ரம் கடையில் பேசுவார்கள் என்கிறாய். பேசத்தான் செய்வார்கள். அதற்காகத்தானே அங்கே உட்காருகிறார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. இந்த மண்ணில் உன் பங்கை மார்வாவுக்கே கொடுத்துவிடு என்கிறாய். அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கு அடுத்த வரி இருக்கிறதே. வந்தால் மாதாமாதம் எனக்கு வாடகை கொடுத்துத்தான் இருப்பாயாம், இல்லாவிட்டால் வர மாட்டாயாம். அந்தச் சொல்லை எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

வாடகை என்றால் என்ன என்பதை எனக்கும் உனக்கும் யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்பா சனிக்கிழமைதோறும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் நிற்பார். வீடு அவருடையது. ஒவ்வொரு பலகையும் அவர் வாங்கியது. வீடு நின்ற மண் மட்டும் தோட்டத்துடையது. நாம் முதலில் இருந்த மேட்டுக்குடியிருப்பை உனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறேன். மேனேஜர் குதிரையிலிருந்து வழுக்கிக் கரும்புச் சக்கையில் விழுந்தபோது அப்பா சிரித்துவிட்டார். அவ்வளவுதான் குற்றம். சனிக்கிழமை ஜன்னலில் அப்பாவின் காசை வாங்கவில்லை. "வீட்ட எடுத்துக்கிட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டார்கள்.

எடுத்துக்கொண்டுதான் வந்தோம். அடுத்த விடுமுறை நாளில் பக்கத்து ஆட்கள் வந்து ஆணி பிடுங்கி, சுவர் சுவராகக் கழற்றி வண்டியில் அடுக்கினார்கள். அம்மா விளக்கையும் பீங்கானையும் யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து நடந்தாள். இங்கே வெல்கேட்டில், வேறொரு தோட்டத்திடம் வாடகைக்கு எடுத்த மண்ணில், வீடு உட்காரக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். ரம் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில், முன்சுவரைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் நிறுத்திவிட்டார்கள். காலையில் அப்பா வாசற்கதவைத் திறந்தால் ரோட்டைக் காணோம். கரும்புக் காடும் அதற்கப்பால் கடலும்தான். ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு, திருப்பி வைத்துவிடலாம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "ரோட்டுல போற மேனேஜருக்கு நம்ம முதுகு போதும்" என்றார். அப்படித்தான் நம் வீடு ஊருக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றது. நீ அதில்தான் வளர்ந்தாய்.

குடியிருந்தவர்களே மண்ணை வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது நீ இங்கே இல்லை. பத்திரம் கைக்கு வந்த அன்றே அம்மா செய்த முதல் காரியம் வேலி போட்டது. ஒரு இடைவெளி விடாமல் சுற்றிலும் அடைக்கச் சொன்னாள். மறுநாள் தண்ணீர்க் குழாய்க்குப் போகும் குறுக்குவழி அடைபட்டுப்போய், வாளியைத் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றினாள். ஆனாலும் வேலியைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. "எம் மண்ண நான் சுத்திப் போறேன், உனக்கென்ன?" என்று என்னைத்தான் திட்டினாள்.

இதையெல்லாம் யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அப்பாவுக்கு வீடு சொந்தம், மண் வாடகை. எனக்கு இரண்டும் சொந்தம். மார்வாவுக்கு இரண்டும் வாடகை. அங்கே உன் பையனுக்கும் அப்படித்தான். ஏறினோமா இறங்கினோமா, சொல். நீ ஒருவன்தான் நம் குடும்பத்தில் செங்கல் வீடு வாங்கினவன். அதைப் பிள்ளைக்காக விட்டுக் கொடுத்ததில் அவமானம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்காக அக்காவை வாடகை வாங்கும் வீட்டுக்காரியாக்கி, நீ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் அடுக்களை வாசலில் நிற்பாய் என்றால், அதைப் பார்க்க எனக்குக் கண் இல்லாமல் போகட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீ அடுத்தவர் கூரையின் கீழ் வர மாட்டாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குளிரில் கழுத்தை மூடிக்கொள். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

எர்மின்


வெல்கேட்,
ஏப்ரல் 27, 2011

என் அன்புள்ள தம்பி ஆஸ்மண்டுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. ஏதாவது நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்.

ஈஸ்டர் திங்கட்கிழமை வீட்டை வெட்டிவிட்டேன்.

பயப்படாதே, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மார்வா அப்படித்தான் நினைத்தாள். "எல்லாரும் வீட்டுல ஒரு ரூம்பு சேத்துக் கட்டுவாங்க, நீ என்னடான்னா இருக்கறதப் புடுங்கப் போறியாம்மா?" என்று ஃபோனிலேயே சத்தம் போட்டாள். நான் அவளிடம், உன் மாமா தன் வீட்டில்தான் இருப்பேன் என்கிறான், அவன் வீடு என் வீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை விடுவித்துக் கொடுக்கப் போகிறேன் என்றேன். உன் பங்கைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாயே, அதையும் அவளிடம் சொன்னேன். "மாமா மொதல்ல அதுல உக்காந்து பாக்கட்டும். அப்புறம் யாருக்குன்னு பேசலாம்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை, வீட்டு வேலைக்குப் போடும் பழைய கால்சட்டையோடு வந்து நின்றாள்.

தச்சன் சீபர்ட்டைத்தான் பிடித்தேன். நம் வீட்டை முன்பின்னாக மாற்றி நிறுத்திய புண்ணியவான்களில் அவன் அப்பாவும் ஒருவர். பலகை வீடு நகர்த்தத் தெரிந்தவர்கள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். எல்லோரும் சிமென்ட் சுவருக்குப் போய்விட்டார்கள். அது நின்ற இடத்திலேயே நிற்கும், கிளம்பு என்றால் கிளம்பாது. பழைய கைகள் கொஞ்சம் பேர் வந்தார்கள். தூக்குவதற்கு வாலிபர்கள் வந்தார்கள். தூக்காமல் ஃபோனில் படம் பிடிப்பதற்கு இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். எதிர்வீட்டு ஐரிஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எர்மின், புருஷன வீட்ட விட்டுத் தொரத்துனவள பாத்திருக்கேன். வீட்டையே தொரத்துறவள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்து பலகையைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது.

நடுக்கூரையின் சுவர்களைப் பிரித்தபோது, அது ஒட்டியிருந்த முன்வீட்டுச் சுவரில் பெயின்ட் படாத பலகை தெரிந்தது. மங்கலாகக் கரிக்கோடு போட்டிருந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு வட்டம். எந்தச் சுவர் எங்கே என்று தெரிய அப்பா போட்ட அடையாளம். அதில் ஒன்று தலைகீழாக இருந்தது. சீபர்ட் அதைக் காட்டி, "எங்கப்பன் மேல தப்பில்லக்கா, உங்கப்பன் போட்ட கோடே தப்பு" என்றான். இத்தனை வருஷமாக அவன் குடும்பத்தைக் கேலி செய்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீயும் வந்து அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

முதலில் நடுக்கூரையை உருவி எடுத்தார்கள். பிறகு அடுக்களைச் சாய்ப்பை முன்னால் தள்ளி என் வீட்டோடு ஒட்டினார்கள். அந்தக் கூரை கிளம்பி, ஆட்கள் தோளில் ஆடி ஆடிச் சீமைப்பலா மரத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கப்பல் ஏறப் போன அன்றைக்கும் அந்தப் பக்கமாகத்தான் போனாய். அன்றைக்கு அம்மா அழக் கூடாது என்று என் கையைக் கிள்ளினாள். திங்கட்கிழமை கிள்ள ஆளில்லை, நன்றாக அழுதேன். பிறகு எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்ட பன்றிக்கறியை எல்லோருக்கும் பரிமாறினேன். ரம்மை வேலை முடிந்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது உன் வீடு சாலையோரப் பாதியில் தனியாக நிற்கிறது. வாசல் எந்தப் பக்கம் என்று சீபர்ட் ஒருமுறைக்கு இருமுறை கேட்டான். ரோட்டைப் பார்த்து வை என்றேன். நீ யாருக்கும் முதுகு காட்ட வேண்டியதில்லை. மண் அம்மா வாங்கியது. நம் இரண்டு பேருக்கும் சமமாக விட்டுப் போனது. உன் பாதியில் உன் பணத்தில் எழுந்த உன் கூரை. நான் உனக்கு எதையும் கொடுக்கவில்லை. நீ எனக்கு எதையும் தர வேண்டியதில்லை. மீன் வாடை என் பக்கம் வந்தால் மட்டும் எனக்கும் இரண்டு துண்டு அனுப்ப வேண்டும்.

உள்ளதைச் சொல்வதானால், என் வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. கட்டிலிலிருந்து எழுந்தால் நேரே அடுப்பில் போய் இடித்துக்கொள்கிறேன். நடு அறையைத் தாண்டிப் போகும் அந்தப் பத்துப் பன்னிரண்டு அடி இல்லாமல், வீட்டுக்கு இடுப்பு இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் உன் வீட்டின் பின்கதவு தெரிகிறது. அது பரவாயில்லை.

நேற்றே ஒருவன் காரில் வந்துவிட்டான். வழவழப்பான சட்டை, வழவழப்பான பேச்சு. "அழகா இருக்கே அம்மா, சும்மா எதுக்குப் பூட்டி வைக்கறீங்க? வாரக்கணக்குக்கு விட்டா நான் ஆள் அனுப்பறேன்" என்றான். வீட்டுக்குச் சொந்தக்காரர் வெளிநாடு போயிருக்கிறார், அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. இன்னொருவன் வந்து கேட்க மாட்டானா என்று இன்றைக்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் பையனையும் கூட்டிக்கொண்டு வா, விருப்பம் இருந்தால். அவனைத் திட்ட மாட்டேன். அவனும் ஒரு வீடு வேண்டும் என்றுதானே கேட்டான்.

கடைசியாக ஒன்று. இதை அலட்சியம் செய்யாதே. ஜூன் பிறந்தால் புயல் மாதங்கள் வந்துவிடும். பலகை வீடு கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. உள்ளே இருக்கும் கனம்தான் அதைப் பிடித்து வைக்கும். என் வீட்டுக்குள் அம்மாவின் பெரிய அலமாரி, இரும்புக் கட்டில், தையல் மிஷின், என் உடம்பு எல்லாம் இருக்கின்றன. உன் வீடு வெறும் கூடு. சீபர்ட் அதைக் கயிறு போட்டுக் கட்டித் தருகிறேன் என்றான். கயிறெல்லாம் எத்தனை நாளைக்கு? ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். காற்று கிளம்புவதற்கு முன் வந்து, உன் வீட்டுக்குள் கனமாக உட்கார்.

ஆண்டவர் உன் பயணத்தைக் காத்து, உன்னை உன் வாசலில் கொண்டுவந்து இறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து வீட்டுக்காரி
எர்மின்